எஜமானர் இறந்தால் அடிமை என்ன ஆவார்? அமெரிக்கத் தெற்கின் உயில்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஜார்ஜ் வாஷிங்டனைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "அவரும் அடிமைகள் வைத்திருந்தார்தான், ஆனால் உயிலில் எல்லோரையும் விடுதலை செய்துவிட்டாரே!" தாமஸ் ஜெஃபர்சன் பெயர் வந்தால் பேச்சு எதிர்ப்பக்கம் திரும்பும்: "அவருக்கு மட்டும் ஏன் மனசு வரவில்லை?" இரண்டு பேச்சுக்கும் அடியில் ஒரே நினைப்புதான் இருக்கிறது. எஜமானருக்கு மனசு இருந்தால் போதும், உயிலில் ஒரு வரி எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு.

சட்டம் அப்படி வேலை செய்யவில்லை. ஒருவர் இறந்தபின் அவர் சொத்தை வாங்கிக்கொள்ள ஒரு வரிசை நின்றது. கடன் கொடுத்தவர், விதவை, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. விடுதலை தருகிறேன் என்று எழுதியிருந்தாலும் அந்த அடிமைக்கு வரிசையில் கடைசி இடம்தான். எழுதாமல் விட்டிருந்தால் அவரே பங்கு போடப்படும் பொருள். 1865-ல் அடிமைமுறை முடியும்வரை அமெரிக்கத் தென்மாநிலங்களில் இருந்த நிலை இது. அதிகமும் வர்ஜீனியாவை வைத்தே சொல்கிறேன். அங்குள்ள பெரிய குடும்பங்களின் ஆவணங்கள்தான் நன்றாகத் தெரிந்தவை.

நமக்குத் தெரிந்த பாகப்பிரிவினை

ஒரு வீட்டுப் பெரியவர் இறந்துவிட்டார். கொஞ்சம் நஞ்சை, ஓர் ஓட்டு வீடு, ஒரு சினைப்பசு, கொஞ்சம் கடன். மனைவி இருக்கிறார், மூன்று பிள்ளைகள். உயில் இருந்தால் அதன்படி நடக்கும், இல்லாவிட்டால் வாரிசுச் சட்டப்படி. எப்படியானாலும் முதலில் கடனை அடைக்க வேண்டும். வீட்டைப் பற்றி, "என் மனைவி ஆயுள் உள்ளவரை அனுபவித்துக்கொள்ள வேண்டியது, விற்கவோ அடகு வைக்கவோ பாத்தியதை இல்லை, அவர் காலத்துக்குப் பின் பிள்ளைகள் அடைய வேண்டியது" என்று எழுதியிருக்கும். நாம் எல்லோரும் ஏதோ ஒரு பத்திரத்தில் பார்த்த வாசகம்தான். மீதியை மதிப்புப் போட்டுப் பங்கு வைப்பார்கள். பசு யார் பங்கில் விழுகிறதோ, கன்றும் அவருக்கே.

வர்ஜீனியாவிலும் கணக்கு இதுதான். சொத்துப் பட்டியலில் பசுவுக்கு அடுத்த வரியில் மனிதர்களின் பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

மனிதர் எந்த வகைச் சொத்து?

1662-ல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை, தாய்க்கு விடுதலை இருந்தால் பிள்ளைக்கும் விடுதலை. அப்பா யார் என்பது கணக்கிலேயே இல்லை. இங்கிலாந்தில் பிள்ளையின் நிலை தகப்பனைப் பொறுத்தது. அந்த வழக்கத்தை இங்கே தலைகீழாக்கினார்கள். எஜமானருக்கே பிறந்த பிள்ளையும் எஜமானரின் சொத்தாகிவிட இந்த ஒரு சட்டம் போதுமானதாக இருந்தது.

இதன் விளைவு உயில்களில் அப்பட்டமாகத் தெரியும். ஒரு பெண்ணை மகளுக்கு எழுதிவைப்பவர், "இவளும் இனி இவளுக்குப் பிறக்கும் பிள்ளைகளும்" என்று சேர்த்தே எழுதுவார். தாயை ஒரு மகளுக்கும், அவள் வயிற்றில் இனிப் பிறக்கப்போகும் முதல் பிள்ளையை இன்னொரு மகளுக்கும் எழுதியவர்களும் உண்டு.

1705-ல் இன்னொரு சட்டம் வந்தது. வாரிசுரிமையைப் பொறுத்தவரை அடிமைகளை நிலம்போல் அசையாச் சொத்தாகக் கருத வேண்டும் என்றது. தோட்டம் ஒருவருக்கும் அதில் உழைப்பவர்கள் இன்னொருவருக்கும் போய்விட்டால் தோட்டம் படுத்துவிடும் என்ற பயம் காரணம். ஆனால் கடன் என்று வந்தால் அதே அடிமைகள் அசையும் சொத்து, பிடித்துக்கொண்டுபோய் விற்கலாம். வாரிசுக்கு எது வசதி, கடன்காரருக்கு எது வசதி என்று பார்த்துச் சட்டம் இரண்டு பக்கமும் வளைந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வர்ஜீனியா அவர்களை முழுக்க அசையும் சொத்தாகவே ஆக்கிவிட்டது.

உயில் எழுதாமல் இறந்தால்

அப்போது வேலை நீதிமன்றத்துக்கு வரும். அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் சிலரை மதிப்பீட்டாளர்களாக நியமிப்பார்கள். அவர்கள் தோட்டத்துக்கு வந்து ஒவ்வொன்றுக்கும் விலை எழுதுவார்கள். இளைஞருக்கு அதிக விலை, தச்சு, கொல்லு வேலை தெரிந்தவருக்கு இன்னும் அதிகம். வயதானவர் பெயருக்கு எதிரே சில பட்டியல்களில் வெறும் பூஜ்யம் இருக்கும்.

அப்புறம் பங்கு போடுவார்கள். இங்கேதான் குடும்பங்கள் உடைந்தன. பங்கு சமமாக இருக்க வேண்டும் என்றால் பணமதிப்பில் சமமாக இருக்க வேண்டும் என்று பொருள். கணவன், மனைவி, பிள்ளைகள் ஒரே பங்கில் விழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கைக்குழந்தையைத் தாயோடு விடுவது வழக்கம், அதுவும் வழக்கம்தான். கணக்கு உதைத்தால் ஒரு வாரிசு இன்னொருவருக்கு ரொக்கம் கொடுத்துச் சரிக்கட்டுவார். சொத்து பிரிபடாமல் இழுத்துக்கொண்டிருக்கும் ஆண்டுகளில் அடிமைகளை வெளியாட்களுக்கு ஓராண்டுக் குத்தகைக்கு விடுவார்கள். அந்தக் குத்தகை பல இடங்களில் ஜனவரி 1 அன்று தொடங்கும். நமக்குப் புத்தாண்டாகத் தெரியும் அந்த நாள், அடுத்த ஓராண்டு யார் வீட்டில் என்று தெரியாமல் அவர்கள் நின்ற நாள்.

ஃபிரடெரிக் டக்ளஸ் இதைச் சிறுவனாக அனுபவித்தவர். பிற்காலத்தில் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெரிய பேச்சாளரான அதே டக்ளஸ்தான். மேரிலாண்டில் அவருடைய எஜமானர் ஆரன் ஆந்தனி 1826-ல் உயில் எழுதாமல் இறந்தார். பால்டிமோரில் வேறொரு வீட்டில் இருந்த சிறுவனைப் பங்கு போடுவதற்காகத் திருப்பி வரவழைத்தார்கள். குதிரைகளும் ஆண்களும், மாடுகளும் பெண்களும், பன்றிகளும் குழந்தைகளும் ஒரே தகுதியில் வரிசையாக நிறுத்தப்பட்டு ஒரே மாதிரி சோதிக்கப்பட்டதை அவர் 1845-ல் எழுதினார். ஆந்தனியின் மகன்களில் ஒருவன் கொடூரக்காரன் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் பங்கில் விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் அங்கே நின்ற அத்தனை பேரின் வேண்டுதலும். டக்ளஸ் மகள் லுக்ரீஷியாவின் பங்கில் விழுந்தார், அதாவது அவள் கணவர் தாமஸ் ஆல்டின் கைக்குப் போனார். பால்டிமோருக்குத் திரும்பினார், அங்கேதான் எழுத்துக் கற்றார். பங்கு வேறு மாதிரி விழுந்திருந்தால் அந்தப் பெயரே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

சரி, இதுவரை வந்த கணக்கு: தாயின் நிலையே பிள்ளைக்கு. எஜமானர் இறந்தால் சொத்து பிரிபடும், மதிப்பு சமமானால் போதும், குடும்பம் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. கொடுமைக்கார எஜமானர் செத்தால்கூட அடிமைக் குடிசைகளில் நிம்மதி வராததற்குக் காரணம் இதுதான்.

விதவைப் பங்கு: வாஷிங்டனால் தொட முடியாத 153 பேர்

இப்போது வாஷிங்டனுக்கு வருவோம். அவருடைய மவுன்ட் வெர்னன் தோட்டத்தில் 1799-ல் 317 அடிமைகள் இருந்தார்கள். அதில் அவருக்குச் சொந்தம் 123 பேர் மட்டும். சுமார் 40 பேர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து குத்தகைக்கு எடுத்தவர்கள். மீதி 153 பேர் யாருடையவர்கள்?

வாஷிங்டனை மணப்பதற்கு முன் மார்த்தா, டேனியல் பார்க் கஸ்டிஸ் என்ற பெரும் பணக்காரரின் மனைவி. கஸ்டிஸ் 1757-ல் உயில் எழுதாமல் இறந்துபோனார். சட்டப்படி மார்த்தாவுக்குக் கிடைத்தது விதவைப் பங்கு, அதாவது கணவர் சொத்தில் மூன்றில் ஒரு பாகத்தை ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமை. முன்பு சொன்ன ஓட்டு வீடு மாதிரியேதான்: அனுபவிக்கலாம், விற்க முடியாது, தானம் செய்ய முடியாது. மார்த்தா காலத்துக்குப் பின் எல்லாம் கஸ்டிஸ் வாரிசுகளுக்கு. அந்தப் பங்கில் வந்த அடிமைகளும், அந்தப் பெண்களுக்கு நாற்பது ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளும் சேர்ந்துதான் 153 பேர். மார்த்தாவின் இரண்டாவது கணவராக வாஷிங்டன் அவர்களை வேலை வாங்கலாம். விடுதலை செய்ய அதிகாரம் கிடையாது.

இந்தச் சட்டத்தின் கூர்மை ஓனா ஜட்ஜ் கதையில் தெரியும். மார்த்தாவின் பணிப்பெண்ணான அவர் விதவைப் பங்கைச் சேர்ந்தவர். தன்னை மார்த்தாவின் பேத்திக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் 1796 மே மாதம் பிலடெல்பியாவில் அதிபர் மாளிகையிலிருந்தே தப்பி, நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய்விட்டார். வாஷிங்டன் ஆள் அனுப்பித் தேடினார். கோபம் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் கஸ்டிஸ் சொத்துக்கு அவர் கணக்குச் சொல்லவும் வேண்டியிருந்தது. ஓனா பிடிபடவில்லை. ஆனால் 1848-ல் இறக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அவர் அடிமைதான், வடக்கே அவருக்குப் பிறந்த பிள்ளைகளும் கஸ்டிஸ் வாரிசுகளின் சொத்துதான்.

வாஷிங்டன் 1799 ஜூலையில் உயில் எழுதினார், டிசம்பரில் இறந்தார். தன் சொந்த அடிமைகளில் வில்லியம் லீ என்ற பணியாளருக்கு மட்டும் உடனே விடுதலையும் ஆண்டுக்கு 30 டாலரும் எழுதினார். மற்றவர்களுக்கு மார்த்தா இறந்தபின் விடுதலை. காரணத்தையும் உயிலிலேயே சொல்லியிருக்கிறார்: இவருடைய ஆட்களும் விதவைப் பங்கு ஆட்களும் ஒருவருக்கொருவர் கல்யாணம் செய்துகொண்டு குடும்பங்களாகிவிட்டார்கள், இப்போதே பிரித்தால் வேதனையாக இருக்கும்.

நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த வரி என்ன செய்தது என்று பாருங்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் விடுதலை ஒரு கிழவியின் மரணத்தோடு முடிச்சுப் போடப்பட்டது. அந்தக் கிழவி அவர்கள் நடுவேதான் வாழ்ந்தார், அவர்கள் சமைத்ததைத்தான் சாப்பிட்டார். மார்த்தா தன் உயிருக்குப் பாதுகாப்பில்லை என்று நினைப்பதாக, 1800 டிசம்பரில் அங்கே போய்வந்த, அப்போதைய அதிபரின் மனைவி அபிகேல் ஆடம்ஸ் ஒரு கடிதத்தில் எழுதினார். அடுத்த மாதமே, 1801 ஜனவரி 1 அன்று, மார்த்தா அவர்களை முன்கூட்டியே விடுவித்துவிட்டார்.

1802-ல் மார்த்தா இறந்தார். விதவைப் பங்கு ஆட்கள் நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பிரிந்தார்கள். விடுதலை பெற்ற கணவன் ஒரு பக்கம், நான்கு தோட்டங்களில் எங்கோ ஒன்றில் மனைவி. வாஷிங்டன் பயந்த அதே பிரிவு இரண்டு ஆண்டு தள்ளி நடந்தது. "சட்டம் கையைக் கட்டிப்போட்டது, பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்" என்று முழுக்க நம்பிவிடவும் முடியவில்லை. மார்த்தாவுக்கு முழு உரிமையோடு ஒரே ஓர் அடிமை இருந்தார், எலிஷ் என்று பெயர். அவரை விடுவிக்க எந்தச் சட்டமும் தடையில்லை. மார்த்தா அவரைப் பேரனுக்கு எழுதிவைத்தார்.

வரிசையில் முதல் ஆள் கடன்காரர்

உயில் எழுதியவர் இறந்ததும் அதைச் செயல்படுத்தப் பொறுப்பேற்பவரை நிறைவேற்றுபவர் என்போம். அவருடைய முதல் கடமை கடனை அடைப்பது. அடிமைகள் நல்ல விலை போகும், சீக்கிரமும் விற்கும். அதனால் கடன் இருந்தால் அவர்கள்தான் முதலில் சந்தைக்குப் போனார்கள். விடுதலை வரி எழுதியிருந்தாலும் கடன்காரரைத் தாண்டி அது செல்லாது.

ஜெஃபர்சன் 1826 ஜூலை 4 அன்று இறந்தபோது அவருக்கு ஒரு லட்சம் டாலருக்கும் மேல் கடன். அவர் உயிலில் விடுவித்தது ஐந்தே ஆண்களை, எல்லோரும் அவருடைய அடிமைகளான ஹெமிங்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். 1827 ஜனவரியில் அவருடைய தோட்டமான மாண்டிசெல்லோவில் 130 பேரை ஏலத்துக்கு அறிவித்தார்கள். அந்த ஐந்து பேரில் ஒருவரான கொல்லர் ஜோ ஃபாசெட்டுக்கு, ஜெஃபர்சன் இறந்து ஓராண்டு கழித்தே விடுதலை என்று உயிலில் இருந்தது. ஆக, அந்த ஏலத்தில் மனைவி ஈடித்தும் பிள்ளைகளும் விற்கப்பட்டபோது அவரும் இன்னும் அடிமைதான். மகன் பீட்டருக்கு அப்போது 11 வயது.

கடன்காரர்களிலும் ஒரு பிரிவினர் வரிசையிலேயே சேர்க்கப்படவில்லை: அடிமைகள். அடிமை ஒப்பந்தம் செய்ய முடியாது என்பது சட்டம், எனவே அவருக்கு யாரும் கடன்பட்டிருக்கவும் முடியாது. தன் அடிமை வாழ்க்கையைப் புத்தகமாக எழுதிய ஹாரியட் ஜேக்கப்ஸின் பாட்டி, வட கரோலினாவில் இரவு நேரங்களில் பிஸ்கட் சுட்டு விற்று 300 டாலர் சேர்த்திருந்தார். எஜமானி அதைக் கடனாக வாங்கிக்கொண்டார். எஜமானி இறந்ததும் பாட்டி கேட்டுப் போனபோது, சொத்தில் மிச்சமில்லை, சட்டப்படி தர முடியாது என்றார் நிறைவேற்றுபவரான மருமகன். அந்தப் பணத்தில் வாங்கிய வெள்ளி மெழுகுவத்தித் தண்டை அவர் வைத்துக்கொள்ளச் சட்டம் தடையாக இல்லை என்று ஜேக்கப்ஸ் பின்னாளில் எழுதினார். அந்த ஜேக்கப்ஸையே வேறொரு உயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்குச் சொத்தாகக் கொடுத்திருந்தது.

நிபந்தனையோடு விடுதலை

உடனே விடாமல், இத்தனை ஆண்டு கழித்து, அல்லது இத்தனை வயதானபின் என்று எழுதுவதும் பரவலாக இருந்தது. கேட்க நியாயமாக இருக்கும். அந்தத் தேதியை நினைவில் வைத்து நடத்தவேண்டியவர் யார் என்பதுதான் சிக்கல்.

மேரிலாண்டில் ஆத்தோ பாட்டிசன் என்பவர் 1791-ல் எழுதிய உயிலில் ரிட் என்ற சிறுமியைப் பேத்திக்குக் கொடுத்தார். அவளும் அவள் பிள்ளைகளும் 45 வயதுவரை உழைத்தால் போதும் என்றும் எழுதினார். ரிட்டுக்கு 45 வயது வந்தது, போனது. யாரும் வாய் திறக்கவில்லை. ரிட்டின் மூன்று மகள்களை விற்றும்விட்டார்கள். இன்னொரு மகள் பல ஆண்டு கழித்து ஐந்து டாலர் கொடுத்து ஒரு வக்கீலை வைத்துப் பழைய உயிலைத் தேடச் சொன்னார். அப்போதுதான் விஷயமே தெரிந்தது. 1849-ல் எஜமானர் எட்வர்ட் பிராடஸ் கடனோடு இறந்தார். அடுத்து என்ன நடக்கும் என்று அந்த மகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்த ஆண்டே தப்பி ஓடினார். அவர்தான் பின்னாளில் பல அடிமைகளைத் தப்ப வைத்த ஹாரியட் டப்மன்.

மார்த்தாவின் பேரன் ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸின் உயில் இதற்கு இன்னொரு உதாரணம். அவர் 1857-ல் இறந்தார். பேத்திகள் நால்வருக்கும் தலைக்கு 10,000 டாலர், அடிமைகளுக்கு ஐந்து ஆண்டுக்குள் விடுதலை என்று எழுதியிருந்தார். கையில் அவ்வளவு பணம் இல்லை, கடன் வேறு. நிறைவேற்றுபவர் மருமகன் ராபர்ட் லீ, பின்னாளில் உள்நாட்டுப் போரில் தெற்கின் தளபதி. தோட்டங்களை லாபமாக்கி அந்தத் தொகையைத் திரட்ட வேண்டும் என்பதால், அவர் கெடு முழுவதையும் பயன்படுத்தி வேலை வாங்கினார். கஸ்டிஸ் இறந்ததும் விடுதலை என்றே தங்களுக்குச் சொல்லப்பட்டிருந்ததாக அங்கிருந்த வெஸ்லி நாரிஸ் 1866-ல் வாக்குமூலம் கொடுத்தார். 1859-ல் அவர் தப்பி ஓடிப் பிடிபட்டார், சவுக்கடி வாங்கினார். லீ விடுதலைப் பத்திரம் கொடுத்தது 1862 டிசம்பர் 29 அன்று. லிங்கனின் விடுதலைப் பிரகடனத்துக்கு மூன்று நாள் முன்பு.

ஆக, விடுதலை வரிக்கு மூன்று எதிரிகள்: விதவையின் ஆயுட்கால உரிமை, கடன், கெடு. நான்காவது, அரசு.

விடுதலை கிடைத்தபின்

எஜமானர் தன் விருப்பப்படி உயிலாலோ பத்திரத்தாலோ அடிமையை விடுவிக்க வர்ஜீனியா 1782-ல்தான் அனுமதித்தது. அதற்கு முன் ஆளுநர் சபையின் சம்மதம் வேண்டும். 1806-ல் மறுபடி இறுக்கினார்கள்: விடுதலை பெற்றவர் 12 மாதத்துக்குள் மாநிலத்தை விட்டுப் போய்விட வேண்டும். மனைவி, பிள்ளைகள் அடிமையாக அங்கேயே இருந்தால்? அது உங்கள் பாடு. ஜெஃபர்சன் அந்த ஐந்து பேரும் வர்ஜீனியாவிலேயே இருக்க அனுமதி கேட்டு உயிலிலேயே சட்டமன்றத்துக்கு வேண்டுகோள் வைத்தது இதனால்தான்.

போகலாம் என்றாலும் எங்கே போவது? வர்ஜீனியாவின் அரசியல்வாதி, ரோனோக் தோட்டத்து ஜான் ராண்டால்ஃப் 1833-ல் இறந்தபோது ஒன்றுக்கொன்று முரணான உயில்களை விட்டுப்போனார். வழக்கு பத்தாண்டுக்கு மேல் நடந்தது. கடைசியில் 383 பேர் விடுதலை பெற்று, அவர்களுக்காக வாங்கிய நிலத்தில் குடியேற 1846-ல் ஒஹாயோவுக்குப் போனார்கள். அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் ஆயுதத்தோடு வந்து விரட்டிவிட்டார்கள்.

எஜமானர் தன் அடிமை மகனுக்கே சொத்து எழுதினால்? மிஸ்ஸிஸிப்பியைச் சேர்ந்த எலைஷா பிரேசியல் அதைச் செய்துபார்த்தார். தன் அடிமைப் பெண்ணையும் அவளிடம் தனக்குப் பிறந்த மகனையும் அடிமைமுறை இல்லாத ஒஹாயோவுக்கு அழைத்துப்போய் விடுதலைப் பத்திரம் எழுதிவிட்டு, ஊருக்குத் திரும்பி எல்லாச் சொத்தையும் மகனுக்கு உயில் எழுதினார். 1838-ல் மிஸ்ஸிஸிப்பி உயர் நீதிமன்றம் அந்தப் பத்திரமே ஒழுக்கத்துக்கும் மாநிலக் கொள்கைக்கும் விரோதம், செல்லாது என்றது. பத்திரம் செல்லாவிட்டால் மகன் அடிமை, அடிமை வாரிசாக முடியாது. தோட்டம் உறவினர்களுக்குப் போனது. தாயும் மகனும் அந்தத் தோட்டத்தோடு சேர்ந்த சொத்தாக அதே உறவினர்களுக்கே போனார்கள்.

அப்புறம் ஒவ்வொரு மாநிலமாகக் கதவைச் சாத்தியது. உயில் மூலம் விடுவிப்பதைத் தென் கரோலினா 1841-லும், மிஸ்ஸிஸிப்பி 1842-லும் தடுத்தன.

1865 டிசம்பரில் 13-ஆவது சட்டத்திருத்தம் வந்து, உயில்களிலிருந்த அத்தனை மனிதர்களையும் சொத்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. கடன் மட்டும் தப்பியது. 1861-ல் ஆர்கன்சாவில் ஒருவர் ஓர் அடிமையைக் கடனுக்கு வாங்கியிருந்தார். அந்த அடிமை இப்போது சுதந்திர மனிதர், நான் ஏன் பணம் தர வேண்டும் என்று நீதிமன்றத்தில் வாதாடினார். 1872-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: விற்றபோது விற்பனை சட்டப்படி சரி, எனவே 1,300 டாலரும் வட்டியோடு கொடுத்தாக வேண்டும்.